கோழி வாங்கும் முன் தெருவார் கூடிப் பேச வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முட்டை விலையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நம் மலேசியாவில் 2023 நவம்பர் 1ஆம் நாள் கோழி இறைச்சிக்கான விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2025 ஆகஸ்டு 1 முதல் முட்டைக்கு அரசாங்கம் வழங்கிவந்த உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நின்றன. அதற்கு முன்னரே, 2022ஆம் ஆண்டின் இறுதியில் கடைகளில் முட்டை கிடைக்காமல் அலைந்ததையும், தமிழ்நாட்டு நாமக்கல்லிலிருந்து முட்டை தருவிக்கப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, எங்கள் பாடாங் செராய் வட்டாரத்தில், ரப்பர், செம்பனைத் தோட்டங்களை விட்டு வெளியேறி வீடமைப்புப் பகுதிகளில் குடியிருக்கும் குடும்பங்கள் பல, வீட்டின் பின்புறம் நாலு கோழி வளர்த்தால் என்ன என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

நல்ல எண்ணம்தான்; அதை நான் மனமார வரவேற்கிறேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து வளர்ந்த நமக்குக் கோழி புதிதன்று. ரப்பர்ப் பால் வெட்டுக்குக் கிளம்பும் முன் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டுப் போவதும், பொழுது சாயும் நேரத்தில் குருணையை இறைத்துக் கூப்பிட்டு அடைப்பதும் அந்நாளில் நம் அம்மாக்களின் அன்றாட வேலைகளாக இருந்தன. ஆனால் லயத்தைச் சுற்றி அன்றிருந்த திறந்த வெளி இன்று இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், ஒரு வீட்டுக் கோழிக்கு வந்த நோய் அடுத்த வீட்டுக்குப் போவதற்குக் கோழியே வேலி தாண்ட வேண்டியதில்லை. செருப்பின் அடியில் ஒட்டிய எச்சம் போதும். ஆகையால் கோழி வளர்ப்பை அவரவர் வீட்டு வேலையாகத் தனித்தனியே தொடங்காமல், ஒரு தெருவில் இருப்பவர்கள் கூடிப் பேசி, தடுப்பு மருந்துக்கு முதலில் வழி செய்துகொண்டு, அதன் பிறகே கோழி வாங்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் இதன் காரணம் விளங்கும். ஒரு குடும்பத்தார் முனீஸ்வரர் பூசைக்கென்று சந்தையில் ஒரு சேவலை வாங்கிவந்து, பூசை நாள் வரும்வரை தங்கள் கோழிகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வாரத்திற்குள் அந்த வீட்டுக் கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. பிழைத்துக் கிடந்த ஒரு பெட்டை, கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பிய நிலையில், முன்னால் வைத்த தீவனத்தைக் கொத்தத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்ததை நான் நேரில் பார்த்தேன். அந்த வரிசையில் கோழி வைத்திருந்த மற்ற வீடுகளும் தப்பவில்லை.

நாம் வெள்ளைக் கழிச்சல் என்றும், மலாய்க்காரர்கள் சம்பார் என்றும், கால்நடை மருத்துவர்கள் நியூகாசல் அல்லது இராணிக்கெட் என்றும் கூறும் நோய் இதுதான். தடுப்பு மருந்து போடாத கோழிகளிடையே கடுமையான வகை புகுந்துவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மடிந்துபோவதுண்டு. வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. பூண்டும் மஞ்சளும் அரைத்துப் புகட்டுவோரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை இந்த நோயை நிறுத்துவதில்லை.

இத்தனைக்கும் இந்நோயைத் தடுப்பதில் நம் நாட்டுக்கே ஒரு நல்ல வரலாறு உண்டு. 1980களில், செர்டாங்கிலிருந்த அன்றைய விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, குளிர்பதனப் பெட்டி இல்லாத கம்பங்களில், அதாவது சிற்றூர்களில், அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கோழிகளுக்காக, வெப்பத்தைத் தாங்கக்கூடியதும் தீவனத்தில் கலந்து கொடுக்கத்தக்கதுமான தடுப்பு மருந்தை உருவாக்கி ஆராய்ந்தார்கள். அறிவியலில் குறையில்லை, மருந்து நம் கொல்லைக்கு வந்து சேரும் வழியில்தான் சிக்கல் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் குப்பி ஒவ்வொன்றும் நூறு கோழிக்கோ அதற்கும் கூடுதலாகவோ போடும் அளவில் வருகிறது. கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. நாலு கோழி வைத்திருப்பவர் நூறு கோழிக்கான மருந்தை வாங்கித் தொண்ணூற்றாறு பங்கைக் கொட்டுவதா என்று தயங்கி, கடைசியில் ஒன்றும் போடாமலே விட்டுவிடுகிறார். இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே தெருவில் பத்துப் பதினைந்து வீட்டார் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் இந்தத் தயக்கத்திற்கே இடமில்லை. காலை வெயில் ஏறும் முன், பனிக்கட்டி போட்ட பெட்டியில் ஒருவர் மருந்தை எடுத்து வர வேண்டும். அதனுடன் வரும் நீரிலோ, கொதித்து ஆறிய நீரிலோ கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின், உயிருள்ள கிருமி அடங்கிய இந்த மருந்தைக் கெடுத்துவிடும். ஒருவர் கோழியை இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடித்து, ஒரு கண் மேல்நோக்கி இருக்குமாறு தலையைச் சாய்க்க, மற்றவர் அந்தக் கண்ணில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். கோழி இமையை மூடித் திறந்து, சொட்டு உள்ளே இறங்கும்வரை பிடியை விடக் கூடாது. இவ்வளவுதான் வேலை. குஞ்சுப் பருவத்தில் முதல் வாரத்திலும், பிறகு மூன்று நான்கு வாரம் ஆகும்போதும், வளர்ந்த கோழிக்கு மூன்று நான்கு மாதத்திற்கு ஒரு முறையும் போடுவது வழக்கம். வாங்கும் குப்பியின் தாளில் எழுதியுள்ளபடி நடந்துகொள்வது நல்லது. நோயுற்ற கோழிக்கு இதைப் போடக் கூடாது. கொசு கடித்துப் பரவும் கோழி அம்மைக்கும் தடுப்பு மருந்து உண்டு. சாக்கடை தேங்கும் குடியிருப்புகளில் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குவது நல்லது. புதிதாக வாங்கிய கோழி எதுவாயினும், பூசைக்கென்று வந்த சேவலே ஆயினும், இரண்டு வாரமாவது தனியே வைத்துத் தீவனமும் தண்ணீரும் தனிப் பாத்திரத்தில் கொடுத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்பதைத் தெருவுக்கே ஒரு கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம்.

இனி, என்ன கோழி வாங்குவது? இரவுச் சந்தைகளில் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் பூசி விற்கும் குஞ்சுகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டையினக் கோழிகளின் சேவல் குஞ்சுகள்; முட்டையிடாதவை என்பதாலேயே பண்ணைகள் தள்ளிவிடுபவை. பிள்ளை ஆசைப்படுகிறது என்று வாங்கிப்போய், வெதுவெதுப்பு இல்லாமல் இரண்டு நாளில் சாகவிட்டு, அழுகிற பிள்ளையைத் தேற்றுவது யாருக்கும் நல்லதன்று. பொரித்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 பாகை வெப்பம் வேண்டும். வாரத்திற்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தாய்க்கோழியின் இறக்கை இல்லாத இடத்தில் விளக்கு வைத்து இதைச் செய்வது புதியவர்களுக்கு எளிதன்று. ஆகவே முட்டையிடும் பருவத்தை நெருங்கிய, நான்கு மாதம் கடந்த விடைக்கோழிகளை, தடுப்பு மருந்து போட்ட விவரத்தைச் சொல்லக்கூடியவரிடமிருந்து வாங்குவதே சிறந்தது.

வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்குத் துளையில் சளி இருக்கக் கூடாது. நெஞ்செலும்பு கத்தி முனைபோல் துருத்தி நிற்கக் கூடாது. வால் பக்கத்து இறகில் கழிச்சல் ஒட்டியிருக்கக் கூடாது. கொண்டை சிவந்து, கிட்டே போனால் முதுகைத் தாழ்த்திக் குந்துகிற கோழி விரைவில் முட்டையிடும். எச்சத்துவாரத்தின் இரு பக்கமும் கைக்குத் தட்டுப்படும் எலும்புகளுக்கிடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் முட்டையிடத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம். ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இன்னும் நாள் இருக்கிறது.

கம்பத்துக் கோழியா, பண்ணை முட்டைக் கோழியா என்று கேட்பவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினப் பெட்டை நல்ல தீவனத்தில் ஆண்டுக்கு முந்நூறு முட்டையை நெருங்கும். கம்பத்துக் கோழி அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் போகலாம். ஆனால் அது வெயிலைத் தாங்கும், தானே இரை தேடும், அடையில் உட்கார்ந்து 21 நாளில் குஞ்சு பொரித்துக் கொடுக்கும். முதன்முறையாக வளர்ப்பவர்கள் இரண்டில் எதுவானாலும் நாலைந்து பெட்டைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். அம்முட்டையில் குஞ்சு பொரிக்காது என்பதைத் தவிர, சத்தில் ஒரு குறைவும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கூவும் சேவலால் அக்கம்பக்கத்தில் எழும் மனக்கசப்பும் நமக்கு வேண்டாம்.

கோழியை வாங்கும் முன்பே கூடு கட்டி முடிந்திருக்க வேண்டும். செம்பனைக் காட்டை ஒட்டியிருக்கும் நம் குடியிருப்புகளில் இதைத் தள்ளிப்போட முடியாது. எலியைத் தேடி நாகம் வருகிறது. முட்டைக்கு உடும்பு வருகிறது. இரவில் மரநாய் கூரை வழியாக இறங்குகிறது. மலைப்பாம்பு வலையின் சந்தில் நுழைந்து, கோழியை விழுங்கிய பிறகு வந்த வழியே திரும்ப முடியாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்க மட்டுமே உதவும். வெளியிலிருந்து வருவதை அது தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த இரும்பு வலையே வேண்டும். அதையும் தரையோடு நிறுத்திவிடாமல், அடைப்பைச் சுற்றி ஓரடி அகலத்திற்கு வெளிப்புறமாக மடக்கி மண்ணில் புதைத்துவிட்டால், தோண்டி நுழைய வரும் நாயும் உடும்பும் வலையின்மேல் கால் வைத்துக்கொண்டே பிறாண்டிவிட்டுப் போய்விடும். கதவுக்குச் சுழற்றும் மரத்துண்டு போதாது. கொக்கியோடு கூடிய தாழ்ப்பாள் வேண்டும். அந்தி நேரத்தில் முட்டை எடுக்கப் போகிறவர்கள் விளக்கைக் காட்டிப் பார்க்காமல் முட்டைப் பெட்டிக்குள் கையை விடவே கூடாது.

நாலு கோழிக்கு உறங்கும் கூடு நான்கடிக்கு நான்கடியும், பகலில் உலவ அதைப்போல் மூன்று மடங்கு வலையடைப்பும் இருந்தால் நெருக்கடி இராது. கூட்டின் தரையைத் தரைமட்டத்திலிருந்து இரண்டு மூன்றடி உயர்த்திக் கட்டினால் அடைமழைக் காலத்தில் ஈரம் ஏறாது. கோழிகள் ஏறி உறங்கும் மரச்சட்டம் கோழி ஒன்றுக்கு ஒரு சாண் நீளமாவது இருக்க வேண்டும். ஓரடிச் சதுரமுள்ள முட்டைப் பெட்டி ஒன்று நாலு கோழிக்குப் போதும். அதை உறங்கும் சட்டத்தைவிடத் தாழ்வாக வைக்காவிட்டால், கோழிகள் அதிலேயே படுத்துறங்கி அசுத்தம் செய்துவிடும். தரைக்கு விரிக்க நம் கெடா மாநிலத்தில் உமிக்கா பஞ்சம்? நெல் ஆலைகளில் கேட்டால் கிடைக்கும். ஈரமான இடத்தை அவ்வப்போது அள்ளிவிட்டுப் புது உமி போட்டுவந்தால், நெடியும் ஈயும் கட்டுக்குள் இருக்கும். அள்ளிய உமியை எச்சத்தோடு இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டுக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடலாம். பச்சை எருவாகப் போட்டால் செடி கருகும்.

கூரைக்குத் துத்தநாகத் தகடு மட்டும் போட்டவர்கள் நண்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். கோழிக்கு வியர்வை இல்லை. வெப்பம் முப்பது பாகையைத் தாண்டும்போது அது இறக்கையை உடலிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து இரைக்கத் தொடங்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால், முட்டை ஓடு உருவாவதே தடைப்பட்டு, தொட்டால் நொறுங்கும் மெல்லோட்டு முட்டை வரும். சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று எண்ணிப் பலர் மருந்துக் கடைக்குப் போகிறார்கள்; அதற்கு முன் தகட்டின் அடியில் அத்தாப்பு வேய்ந்து, பக்கத்தில் ஒரு பாகற்கொடியைப் படரவிட்டு, நிழலில் இரண்டு வேளையும் குளிர்ந்த நீர் மாற்றி வைத்துப் பார்க்கட்டும். ஒரு கோழி தின்னும் தீவனத்தைப் போல் இருமடங்கு எடை தண்ணீர் குடிக்கும். வெயில் நாளில் அதைவிடக் கூடுதலாகவே குடிக்கும்.

தீவனத்தைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: மிச்சச் சோற்றைப் போட்டாலே கோழி வளர்ந்துவிடும் என்று. உயிரோடு இருக்கும், முட்டை இராது. முட்டையிடும் கோழிக்கு நூற்றுக்குப் பதினாறு முதல் பதினெட்டுப் பங்கு புரதமும், ஏறக்குறைய நான்கு பங்கு சுண்ணாம்புச் சத்தும் தீவனத்தில் வேண்டும். முட்டைத் தீவனத்தை முதன்மையாகக் கொடுத்துவிட்டு, முருங்கைக் கீரை, பிழிந்த தேங்காய்த் துருவல், காய்கறித் தோல் ஆகியவற்றைத் துணையாகக் கொடுக்கலாம். நம் பகுதியில் எளிதில் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு நார் மிகுந்தது. மாட்டுக்கு ஏற்றதே தவிர, கோழிக்குச் சிறிதளவுக்கு மேல் சேராது. பச்சை மரவள்ளி இலையும், வேகாத அவரை வகைகளும், வெண்ணெய்ப் பழமும், பூசணம் பிடித்த எதுவும் வேண்டவே வேண்டாம். காயவைத்து நொறுக்கிய சிப்பி ஓட்டை ஒரு தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், தேவைக்கேற்பக் கோழியே கொத்திக்கொள்ளும்.

செம்பனை மரங்களுக்கிடையே கோழியை மேயவிடுவது இன்று ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் வேறு களைக்கொல்லிகள் தெளிக்கப்படுகின்றன, எலி மருந்தும் வைக்கப்படுகிறது. அந்த எலியைத் தின்ற கோழிக்கும் நஞ்சேறும். மருந்து வந்த நெகிழிக் கலனை எத்தனை முறை கழுவினாலும் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரமாக்கக் கூடாது. நம் தோட்டப்புறங்களில் இந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

செலவு மிச்சமாகுமா என்று கேட்கிறார்கள். முட்டையினப் பெட்டை ஒன்று நாளொன்றுக்கு நூற்றுப்பத்துக் கிராம் அளவு தின்னும். நாலு கோழிக்கு மாதம் பதின்மூன்று கிலோ தீவனம் வேண்டும். முழு வீச்சில் இடும் காலத்தில் நாளைக்கு மூன்று முட்டை கிடைக்கும். இறகு உதிர்க்கும் காலத்தில் சில வாரங்கள் ஒன்றுமே இராது. கூட்டுக்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், முதல் ஆண்டில் கையில் பெரிதாக மிஞ்சாது. பிள்ளைகளுக்கு அன்றன்றைய முட்டையும், தோட்டத்திற்கு எருவும், கடையில் தட்டுப்பாடு வரும் நாளில் அடுப்படியில் ஒரு நிம்மதியும் வேண்டும் என்போர் தொடங்கலாம். பணம் மிச்சம் பிடிப்பதை மட்டும் கருதித் தொடங்குவோர் ஏமாற்றம் அடைவார்கள்.

குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பதற்கு ஊராட்சி மன்றத்தின் துணைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். ஓரிடத்தில் அனுமதிப்பது மற்றோரிடத்தில் தடையாக இருக்கலாம். அண்டை வீட்டார் எந்த இனத்தவராயினும், கூட்டை அவர்கள் சன்னலுக்கு நேரே வைக்காமல், முதலில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். பறவைக் காய்ச்சல் 2004இல் கிளந்தானிலும், 2006இல் சிலாங்கூர், பேராக், பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் மீண்டும் கிளந்தானிலும் தோன்றியதை நாம் அறிவோம். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால், அவசர அவசரமாக அறுத்துச் சமைப்பதோ விற்பதோ கூடவே கூடாது. மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டும். கோழியைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

இவற்றுள் மிகுதியானவற்றை அவரவரே செய்துகொள்ளலாம். தடுப்பு மருந்துக்கு மட்டும் துணை வேண்டும். எங்கள் மாவட்டத்துக் கால்நடை மருத்துவ அதிகாரிகளை நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான்: மூன்று மாதத்திற்கு ஒரு காலை, குடியிருப்பின் பொது மண்டபத்திற்கோ கோயில் மண்டபத்திற்கோ ஒருவர் வந்து, கூடியிருக்கும் வீட்டாருக்கு மருந்தைக் கரைக்கவும் சொட்டு விடவும் கற்றுக்கொடுத்தால், அடுத்த முறை நாங்களே செய்துகொள்வோம். எத்தனை வீட்டில் எத்தனை கோழி என்ற பட்டியலை அந்தந்தத் தெருவார் முன்னதாகவே எழுதிக் கொடுத்தால், ஒரு குப்பி மருந்தும் வீணாகாது. வழிமுறைகள் அடங்கிய தாள் தமிழிலும் இருந்தால், மலாய் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்குப் பெரிதும் உதவும். கோழியைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். அத்தகைய தாளைத் தமிழில் எழுதித் தர, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் நான் காத்திருக்கிறேன். அது அமையும்போது, தங்கள் நாளிதழின் ஒரு பக்கத்தில், வெட்டிச் சுவரில் ஒட்டி வைக்கத்தக்க அளவில் அதை வெளியிட்டு உதவுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாடாங் செராய், கெடா.